அடிலெய்டின் மூத்த ரசிகர்கள் ஏன் 1990க்கு முந்தைய ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தையே நினைத்துப் பேசுகிறார்கள்?

அன்று அவர்கள் பார்த்தது இரண்டாம் படி ஆட்டம் இல்லை. என் பார்வையில் அதுதான் முக்கியக் காரணம். 1877இல் தொடங்கிய தெற்கு ஆஸ்திரேலிய லீக்தான் அன்று அந்த மாநிலக் கால்பந்தின் உச்சம். அந்த லீக்கின் சிறந்த வீரருக்கான மகாரி பதக்கத்தை மூன்று முறை வென்ற பாரி ராப்ரன், பக்கத்து மாநிலமான விக்டோரியாவின் லீக்குக்குப் போகாமல் வடக்கு அடிலெய்டு அணியிலேயே ஆடினார். இன்று அப்படி ஒருவரை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

அப்புறம், 1976 இறுதியாட்டம். ஸ்டர்ட் அணியும் போர்ட் அடிலெய்டும் மோதின. அடிலெய்டின் ஃபுட்பால் பார்க் மைதானத்தில் அதிகாரபூர்வக் கணக்கே 66,897 பேர். இடம் போதாமல் வேலியைத் தாண்டி மைதான எல்லைக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்டர்ட் வென்றது. அந்த லீக்கில் அவ்வளவு கூட்டம் பிறகு கூடவே இல்லை.

1990இல் போர்ட் அடிலெய்டு தனியாகத் தேசிய லீக்கில் சேர முயன்றது. பதிலுக்கு மாநில லீக் அவசரமாக அடிலெய்டு க்ரோஸ் அணியை உருவாக்கி, 1991இல் களமிறக்கியது. சிறந்த வீரர்கள் அங்கே போனார்கள், கூட்டமும் பின்னாலேயே போனது. நார்வுட், க்ளெனெல்க் போன்ற பேட்டை அணிகள் இன்றும் ஆடுகின்றன. ஆனால் மாநிலமே அந்த ஆட்டத்துக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது.