கிரிம் சகோதரர்களின் கதைகளில் சித்தி மட்டும் ஏன் எப்போதும் கொடியவளாகவே வருகிறாள்?

இக்கேள்வியைக் கேட்டவர், குழந்தைக்குக் கதை படித்துக் காட்டும்போது சித்தி வரும் இடத்தில் தயங்கி நின்றவராக இருக்க வேண்டும். நானும் அவ்விடத்தில் நின்றிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு நானே சித்தி.

எப்போதும் அப்படி வரவில்லை என்பதே என் பதில். யாக்கோப் கிரிம்மும் வில்ஹெல்ம் கிரிம்மும் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளின் முதல் தொகுதியில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய்தான். கருங்காலிச் சட்டமிட்ட சன்னலருகே தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி குத்திப் பனியில் மூன்று துளி இரத்தம் விழ, அந்த நிறத்தில் ஒரு குழந்தை வேண்டும் என்று ஏங்கிய அதே அரசி, மகளுக்கு ஏழு வயதானதும் அவள் அழகைப் பொறுக்கமாட்டாமல் வேடனை ஏவுகிறாள். குழந்தை பிறந்ததும் அரசி இறந்தாள், ஓராண்டு கழித்து அரசன் வேறொருத்தியை மணந்தான் என்ற வரிகள் 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டவை. ஹேன்சல், கிரேட்டல் கதையிலும் இதுதான் நடந்தது. பசியால் தூங்க முடியாத பிள்ளைகள் இருட்டில் படுத்தபடி கேட்டது, அவர்களைக் காட்டில் விட்டுவிடலாம் என்று முதற்பதிப்பில் தாய் தகப்பனிடம் சொன்ன சொற்களை. 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். அப்பதிப்புகளைத் திருத்தியவர் பெரும்பாலும் வில்ஹெல்ம். நூல் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குள் நுழைந்தபோது, பெற்றவள் கொடியவளாக இருப்பது அங்கே ஒவ்வாது என்று கருதியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

அக்காலத்தில் பிரசவத்தில் பெண்கள் இறப்பதும் ஆண்கள் மறுமணம் செய்வதும் மிகுதி, ஆகவே சித்தி இயல்பாக வந்த பாத்திரம்தான் என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. சிண்ட்ரெல்லா கதையில் சித்தி கிரிம்களின் முதற்பதிப்பிலேயே இருக்கிறாள். 1697இல் பெரோ எழுதிய பிரெஞ்சு வடிவத்திலும் இருக்கிறாள். நான் சொல்வது மேற்சொன்ன இரு கதைகளைப் பற்றி மட்டுமே.

என் கணவரின் முதல் மனைவி இறந்தபோது மகளுக்கு இரண்டு வயது. நான் வந்தபோது நான்கு. மூன்றாம் வகுப்பு ஆண்டுவிழாவில் அவளுக்கு ஏழு குள்ளர்களில் ஒருவர் வேடம் கிடைத்தது. ஒத்திகையின்போது ஒரு சிறுமி, "உங்க வீட்டிலயும் சித்திதானே" என்று கேட்டிருக்கிறாள். அன்றிரவு என் மகள் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாளே தவிர, ஒரு வாய்கூட உண்ணவில்லை. பிறகு, "நீங்களும் ஒருநாள் அந்த ராணி மாதிரி ஆயிடுவீங்களாம்மா?" என்றாள்.

இயந்திரக் கையேடுகளை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பது என் தொழில். அன்று 1812ஆம் ஆண்டு முதற்பதிப்பு, கிரிம்கள் காலத்துக் கடைசிப் பதிப்பான 1857 ஆகிய இரண்டின் பக்கங்களையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்து, பின்னர் நுழைந்த வரியை அவள் விரலாலேயே தொடச் செய்து, தமிழில் சொன்னேன். என்னை நிரபராதியாக்கவே அதைச் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் சித்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "செத்துப்போன ராணியோட பேர் என்ன?" என்றுதான் கேட்டாள். கதையில் அவளுக்குப் பெயரே இல்லை.

மாநிலத்துக்கு நிதி குறைந்தால்கூட நம் நாளிதழ்கள் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று தலைப்பிடுகின்றன. அதை எழுதுகிறவர்கள், அத்தாளை எங்களைப் போன்றவர்களும் வாசிக்கிறோம் என்பதை ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற்காலத்தில் எல்லாருமே வில்ஹெல்மின் திருத்தத்தைப் பின்பற்றவில்லை. 1937இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் திரைப்படத்தில் இருப்பவள் சித்தி. ஆனால் 1893இல் ஜெர்மனியின் வைமரில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஹும்பர்டிங்கின் "ஹேன்சலும் கிரேட்டலும்" இசைநாடகத்துக்கு உரை எழுதிய அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டே, ஹேன்சலுக்கும் கிரேட்டலுக்கும் பெற்ற தாயையே திருப்பித் தந்தார். வீட்டிலிருந்த ஒரே பால்குடமும் உடைந்த ஆத்திரத்தில் பிள்ளைகளைக் காட்டுக்கு ஸ்ட்ராபெரி பறிக்க விரட்டும் அத்தாய், சூனியக்காரியைப் பற்றிக் கேட்டதும் பதறி அவர்களைத் தேடி ஓடுகிறாள்.

கதைகளிலிருந்து சித்தியை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறு வாரம் கிரிம்களின் சிண்ட்ரெல்லாவை, சித்தியின் ஒரு கொடுமையையும் குறைக்காமல் படித்துக் காட்டினேன். தந்தை கொண்டுவந்த ஹேசல் கிளையைத் தாயின் கல்லறையில் நட்டு, கண்ணீரால் நனைத்து அப்பெண் மரமாக வளர்க்கும் பகுதியை மகள் மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு தன்னைப் பெற்றவளுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, இருவரும் எழுந்துபோய் அவள் அப்பாவிடம் கேட்டோம்.