பொமரேனியன் குட்டிக்குப் பிறவி இதயக் கோளாறு: ஆபரேஷனில் சரியாகுமா?

மார்த்தாண்டத்தில் நீங்கள் வளர்க்கும் 3 மாதப் பொமரேனியன் குட்டிக்கு 'பி.டி.ஏ.' என்று டாக்டர் சொன்னாராம், ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகும். பிறவி இதயக் கோளாறுகளில் இது வந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

பி.டி.ஏ. என்பது இதுதான்: பிறந்த சில நாளில் மூட வேண்டிய ரத்தக் குழாய் மூடாததால், மகாதமனி (இதயத்திலிருந்து உடலுக்குப் போகும் பெரிய குழாய்) ரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. இதயத்தின் இடப்பக்கம் பெரிதாகிறது. குட்டியின் இடது அக்குளில் கை வைத்தால் விடாத அதிர்வு தெரியலாம்.

இடது நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டுவது பழைய முறை. தொடை ரத்தக் குழாய் வழியே, அதை அடைக்கும் சின்னக் கருவியை (அடைப்பான்) வைப்பதும் உண்டு, ரொம்பச் சின்னக் குட்டிக்கு அது கஷ்டம். ஆனால் அந்தக் குழாயில் ரத்த ஓட்டம் திசை மாறியிருந்தால் மூடவே கூடாது. அதனால் முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். நெல்லை இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் விசாரியுங்கள்; அப்புறம் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி.