டாஸ் பில்லிங் ஓடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போடலாமா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். 2017-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 10. அப்பா காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதி வாங்கிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) பில்லிங்தான் இன்றும் ஓடுகிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். 'விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது' என்று திரையில் வந்து பயமுறுத்துகிறது. கம்பத்தில் ஒருவர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

அவர் பொய் சொல்லவில்லை. ஏற்றிவிடலாம்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்குக் கேட்பது, இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். உங்களுடையது ஆறாம் தலைமுறை. ரேம் கூட்டினாலும் எஸ்எஸ்டி போட்டாலும் தலைமுறை மாறாது. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் ஏற்றினால், இனி அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாறவே நினைக்கிறீர்கள்?

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் பில்லிங். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் டாஸ் புரோகிராம் திறக்காது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே மேலே ஏற்றவும் முடியாது, டிஸ்கைத் துடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். அதாவது ஆயிரம் ரூபாயும் கொடுத்து, கணக்கு திறக்காத கம்ப்யூட்டரோடு மலை ஏறி வருவீர்கள். சீசன் நேரத்தில் அது நடந்தால் கையால் பில் எழுத வேண்டியதுதான்.

பிரிண்டர் இன்னொரு தொல்லை. டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு நேராக எழுதும். யூஎஸ்பியில் செருகிய பிரிண்டரை அது கண்டுகொள்ளாது. புது கம்ப்யூட்டர் பலவற்றில் பின்பக்கம் அந்த அகலமான 25 ஊசி போர்ட்டே இருக்காது. வாங்கும் முன் கடைக்காரரைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நான் செய்வது என்றால் இப்படி. முதலில் ஃபாக்ஸ்ப்ரோ இருக்கும் ஃபோல்டரை முழுசாக இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டில் வைப்பேன். அதில் கணக்கு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அப்பா காலத்துக் கணக்கு வரிசை வரிசையாக அட்டவணையில் வரும். பில்லிங் புரோகிராம் ஒருநாள் போனாலும் கணக்கு போகாது என்பது அப்போதுதான் மனசுக்கு உறைக்கும்.

அடுத்து, பழைய கம்ப்யூட்டரின் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, பில்லிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க் எல்லாம் புதிதாக ஒன்று வாங்கி அதில். மாநில எல்லை தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் கட்டாயம் என்பதால் அந்த வேலை நிற்கக்கூடாது. புதிதில் பழைய பில்லிங்கையும் ஓட்ட ஆசை என்றால் விடாஸ் (vDos) என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள், அது விண்டோஸ் பிரிண்டருக்கே அனுப்பும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால், அதன் டிரைவர் விண்டோஸ் 11-க்கு வந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குக் கையில் காசு இல்லை என்றாலும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தகுதியுள்ள லேப்டாப்தான், நிதானமாக மேலேற்றினோம். டாஸ்க்பார் நடுவில் வந்தது, தம்பிக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டாவது நாள் ஆதார் நகல் எடுக்கப் போனால் பழைய ஸ்கேனர் அசையவில்லை, விண்டோஸ் 11-க்கு அதன் டிரைவரே கிடையாது. பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் பத்து நாள்தான் இருக்கும். நாங்கள் இரண்டு நாள் தாமதம்.

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை. மகள் தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறாள். உறவினர் கொடுத்த 4 ஜிபி லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 11 போகாது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். அவள் பள்ளியில் பழகுவது பெரும்பாலும் விண்டோஸே இல்லை. கேரள அரசுப் பள்ளிகளுக்கு கைட் (பள்ளிகளின் ஐடி கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) தயாரித்துத் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு/லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் சிஸ்டம், இலவசம். பள்ளி ஐடி ஆசிரியரிடம் பென்டிரைவில் கேட்டு வாங்கி, முதலில் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஸ்பீக்கர், தமிழ் விசைப்பலகை மூன்றும் வேலை செய்தால் தாராளமாகப் போடலாம். லேப்டாப்பில் உறவினர் படங்கள் ஏதும் இருந்தால் அதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.