கணினிக் கேள்வி–பதில்: எத்தனை பேர் சொன்னார்கள்?

கேள்வி: தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 14 பேரின் பேச்சை மாணவர்கள் பதிந்து, ஆளுக்கொரு கோப்பாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எல்லோரும் பயன்படுத்தும் சொற்களைப் பைத்தன் நிரல்மொழியில் எண்ணினால் 'க', 'ந', 'த' என்று தனி எழுத்துகளே பட்டியலின் மேலே வருகின்றன. ஒரே ஆள் 60 தடவை சொன்ன சொல்லும் முன்னுக்கு வந்துவிடுகிறது. எங்கே பிழை?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: முதல் பிழை சொல் பிரிப்பில். மாதிரி நிரல்களில் சொல்லைப் பிடிக்கப் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறியைப் போட்டிருப்பார்கள். பைத்தனோடு வரும் 'ரீ' (re) என்ற தேடல் தொகுதி ொ, ு போன்ற குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் 'கொழுந்து' க, ழ, ந, த என்று நாலு துண்டாகிறது. அந்தக் குறியை எடுத்துவிட்டு, யுனிகோட்டில் தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையான இலக்கங்கள் தொடர்ந்து வருவதை ஒரு சொல்லாக எடுக்கச் சொல்லுங்கள்.

பிரிப்பதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. 'ொ' சில கோப்புகளில் ஒரே குறியாகவும் (3018), சிலவற்றில் ெ, ா என்று இரண்டாகவும் (3014, 3006) இருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். 'யுனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' மூலம் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 குறிகளையும் நீக்கிவிடுங்கள். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டியிருந்தால் அதை நிரல் திருத்தாது, கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது எண்ணும் முறை. சொல்லைச் சாவியாகவும் அதைச் சொன்ன ஆட்களின் இலக்கங்களை ஒரு 'செட்'டாகவும் வைத்த பைத்தன் அகராதி (டிக்ட்) ஒன்றை அமையுங்கள். செட்டில் ஒரே இலக்கம் இரண்டாம் முறை ஏறாது. 7ஆம் ஆள் 'பெரட்டு' (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) என்று 60 தடவை சொன்னாலும் ஓர் ஆள்தான். செட்டின் நீளமே ஆள் கணக்கு. தடவைக் கணக்கைப் பைத்தனின் 'கவுண்டர்' என்ற எண்ணும் கருவி கொண்டு எடுத்துப் பக்கத்துப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் மெய்யான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவர் 'லயத்துல', மற்றவர் 'லயத்துக்கு', இன்னொருவர் 'லயம்' (தொழிலாளரின் வரிசை வீடு) என்றால் மூன்று சொற்களுக்கும் ஒவ்வோர் ஆள்தான் விழும். வேற்றுமை உருபை நிரலால் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்: ஐகாரத்தை வெட்டினால் 'மலையை' ஒருவாறு சரிவரும், 'மலை' 'மல' ஆகிவிடும். 14 பேரின் பேச்சுக்குக் கைப்பட்டியலே மேல். எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்தினால் லயத்துல, லயத்துக்கு, லயம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். எதிரே தலைச்சொல்லை (இங்கே 'லயம்') எழுதி, அந்த அட்டவணையை நிரலுக்குக் கொடுங்கள். இதைச் செய்யுமுன் 'ஒரே ஆள் சொன்னவை' என்று எதையும் கழித்துவிடாதீர்கள். சேரவேண்டிய சொற்கள் அங்கேதான் கிடக்கும்.

'துரை', 'தொரை' இரண்டும் வந்தால், பேசியவர் உச்சரிப்பா, தட்டச்சு செய்த மாணவரின் பழக்கமா என்று ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டவரின் வரிகளையும் எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள். "கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) பத்திச் சொல்லுங்க" என்று 14 பேரிடமும் கேட்டிருந்தால் 'கவ்வாத்து' 14 பேருக்கும் பொதுவாகத்தானே வரும்!

ஒரு, அந்த, என்று போன்றவற்றைக் கையால் பட்டியலிட்டு ஒதுக்குங்கள். 14 பேரும் சொன்னவற்றை ஒதுக்கு என்று நிரலிடம் விட்டால் 'கொழுந்து'ம் போய்விடும். பிறகு 'பேர்'. தோட்டத்தில் அது ஒருநாள் வேலைக் கணக்கு; 'அரைப்பேர்' என்றால் பாதிநாள். ஆனால் 'நாலு பேர்', 'உன் பேர் என்ன' என்பவையும் அதே சொல்லில் விழும். முன்னும் பின்னும் ஐந்து சொற்களோடு அச்சிட்டுப் படித்துத்தான் பிரிக்க முடியும்.

கேள்வி: பழைய கோப்புகளைக் கொடுத்தால் நிரல் ஒரு சொல்லும் இல்லாத வெற்றுப் பட்டியல் தருகிறது. திறந்தால் தமிழ் தெரிகிறது.
– பண்டாரவளை வாசகர்

பதில்: 'பாமினி' என்ற பழைய எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைகிறது. எழுத்துரு மாற்றியில் இட்டு யுனிகோட்டாக்குங்கள். இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்துவைக்காவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். நோட்பேடில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 தெரிவுசெய்யுங்கள். 'ஆன்சி' என்று சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும், மீட்க வழியில்லை.

கேள்வி: இருவர் பேச்சு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஓர் எண்ணால் சொல்லலாமா?
– மாத்தளை மாணவி

பதில்: சொல்லலாம். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் போல் ஜக்கார் 1901இல் அல்ப்ஸ், ஜூரா மலைச் செடிகளின் பரம்பலை ஒப்பிடக் கையாண்ட கணக்கு போதும். ஒருவரிடம் 400 வெவ்வேறு சொற்கள், மற்றவரிடம் 300, பொதுவானவை 140 என்றால் மொத்தம் 400 + 300 − 140 = 560. 140ஐ 560ஆல் வகுத்தால் 0.25. ஒருவர் ஒரு மணிநேரமும் மற்றவர் பத்து நிமிடமும் பேசியிருந்தால் இந்த எண் பேச்சின் நீளத்தைத்தான் காட்டும். இருவரிடமிருந்தும் 1,000 சொற்கள் வீதம் எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.