கேமராவும் கேள்வியும்: இந்த முறை முழுக்க நியூயார்க்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. மற்ற ஊர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு நியூயார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தாம்பரம் வாசகர்: மகன் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறான். நவம்பரில் போகிறோம். அவனுக்கு வேலை, என்னைச் சுற்றிக்காட்ட நேரமில்லை. ஒரு புகைப்படக்காரர் பத்துப் பேரை அழைத்துப்போய்த் தெருக்களையும் ஸ்கைலைனையும் எடுக்கவைக்கும் ஐந்து நாள் டூர் ஒன்றைப் பார்த்தேன். விலை பயமுறுத்துகிறது. கொடுக்கலாமா?

ஐந்து நாளுக்குக் கொடுக்க வேண்டாம், இரண்டு சாயங்காலத்துக்குக் கொடுங்கள்.

ஸ்கைலைன், அதாவது உயரக் கட்டடங்கள் வானத்தில் வரையும் கோடு, இடமும் நேரமும் தெரிந்தால் யாருக்கும் கிடைக்கிற படம். அந்த இடத்தையும் நேரத்தையும் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் வழிகாட்டிக்குக் காசு. உயரக் கட்டடங்கள் நிறைந்த தீவான மன்ஹாட்டனுக்கு மேற்கே ஹட்சன் ஆறு, தாண்டினால் உங்கள் மகன் இருக்கும் நியூஜெர்சி. கிழக்கே ஈஸ்ட் ரிவர், தாண்டினால் புரூக்ளினும் குவீன்ஸும். சாயங்காலம் நியூஜெர்சிப் பக்கம் வீஹாக்கனில் ஹாமில்டன் பார்க்கில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரைக் கண்ணாடி எல்லாம் பொன்னிறமாகும். அதே நேரத்தில் குவீன்ஸ் கரையில் கேன்ட்ரி பிளாசா பூங்காவில் நிற்பவருக்குச் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். அவருக்குக் கிடைப்பது சிவந்த வானமும் கறுத்த உருவங்களும். ஒரே நகரம், ஒரே நிமிடம், இரண்டு வேறு படங்கள். இன்றைக்கு மேகம் எப்படி, எந்தக் கரைக்குப் போவது என்று மூன்று மணிக்கே முடிவு செய்யத் தெரிந்த ஆள் என்றால் அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

நீங்கள் போகிற மாதம் வேறு நல்ல மாதம். நவம்பர் நடுவில் அங்கே நாலரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். வானம் நீலமாக மாறும் அந்த இருபது முப்பது நிமிடத்தில், ப்ளூ ஹவர் என்பார்கள், ஆபீஸ்களில் ஆட்கள் இன்னும் வேலையில்தான் இருப்பார்கள், மாடி மாடியாக விளக்கு எரியும். ஜூனில் எட்டரைக்குத்தான் மறைகிறது, அதற்குள் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். கோடை விடுமுறையில் போய்வந்தவர்களின் இரவுப் படங்கள் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தால் காரணம் இதுதான். ஆனால் சனி, ஞாயிறில் இந்தக் கணக்கு செல்லாது. அந்த இரண்டு சாயங்காலங்களையும் வார நாளில் வையுங்கள்.

தெரு விஷயம் வேறு. பத்துப் பேர் கழுத்தில் கேமராவோடு ஒரு பழக்கடை முன்னால் நின்றால் கடைக்காரர் பழம் விற்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் என்ன தெருப் படம்? அதற்குத் தனியாகப் போங்கள், அல்லது மூன்று நான்கு பேருக்கு மேல் சேர்க்காத அரை நாள் நடைக்குப் போங்கள்.

பதிவு செய்யும் முன் அந்த வழிகாட்டியிடம் கேளுங்கள்: சூரியன் மறையும்போது எங்கே நிற்போம், மழை வந்தால் என்ன செய்வோம், உயரக் கட்டடத்தின் மேலிருந்து ஊரைப் பார்க்கும் மாடத்துக்கான டிக்கெட் கட்டணத்தில் அடக்கமா. டைம்ஸ் ஸ்கொயர் என்பதுதான் முதல் கேள்விக்குப் பதில் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்த இடம் எந்த இரவிலும் அப்படியேதான் இருக்கும், ப்ளூ ஹவரை அங்கே செலவழிப்பது வீண். இன்னொன்று, நியூயார்க் நகரத்தில் காசு வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக்காட்ட மாநகர உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

சேலம் வாசகி: எம்பயர் ஸ்டேட் பில்டிங் மேலே ஏறிப் படம் எடுக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. இப்போது நாலைந்து கட்டடங்களில் மேலே ஏற்றுகிறார்களாமே, எதற்கு டிக்கெட் எடுப்பது?

ஆசைக்கு என்றால் எம்பயர் ஸ்டேட்டேதான். 1931-இல் திறந்தது, 86-வது மாடியில் வெளிக்காற்றிலேயே நிற்கலாம். படத்துக்கு என்றால் ஒரு சிக்கல், அதன் மேல் நின்றால் படத்தில் அது இருக்காது! நம் மனசில் இருக்கிற நியூயார்க்கின் நடுநாயகமே அந்த ஊசிதானே. அதனால் என் ஓட்டு ராக்கஃபெல்லர் சென்டரின் டாப் ஆஃப் தி ராக்குக்கு. 70-வது மாடியில் முகத்துக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. தெற்கே எம்பயர் ஸ்டேட், அதற்கும் பின்னால் தூரத்தில் 541 மீட்டர் உயர ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர். வடக்கே திரும்பினால் சென்ட்ரல் பார்க். பூங்காவின் தெற்கு ஓரத்தில் இப்போது ஒல்லி ஒல்லியாகக் கோடீசுவரர் கட்டடங்கள் எழுந்துவிட்டன, அதில் சென்ட்ரல் பார்க் டவர் மட்டும் 472 மீட்டர். காட்சியைக் கெடுத்துவிட்டது என்று பலர் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றைய நியூயார்க் அதுதான், அதையும் எடுங்கள்.

2020-இல் வந்த எட்ஜ், 2021-இல் வந்த சம்மிட் ஒன் வாண்டர்பில்ட் இரண்டும் புது மாடங்கள். சம்மிட்டில் அறை முழுக்கக் கண்ணாடி, தரையிலும் நீங்கள் தெரிவீர்கள், கூரையிலும் தெரிவீர்கள். குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள அருமையான இடம், ஸ்கைலைனுக்காகப் போகாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்ற இடத்தில் கறுப்புத் துப்பட்டா ஒன்று கையில் இருக்கட்டும். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டவைத்துச் சுற்றிலும் துப்பட்டாவைப் போர்த்தினால் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. எதற்குப் போனாலும் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மேலே இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். அந்த நேரத்து டிக்கெட்தான் முதலில் தீரும்.

காசே செலவழிக்காமல் ஒரு ஸ்கைலைன் வேண்டுமா? ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி. 1997-லிருந்து இலவசம், இரவும் பகலும் ஓடுகிறது, போக 25 நிமிடம். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை. அந்தக் கரையில் எல்லோரும் இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும், சோம்பல்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

திருச்சி வாசகர்: ட்ரைபாட் கொண்டுபோனால் போலீஸ் பிடிப்பார்களா? ட்ரோன்?

தெருவில் கையில் கேமராவோ, தரையில் ஒரு ட்ரைபாடோ வைத்து எடுக்க மாநகர அனுமதிச் சீட்டு தேவையில்லை, வழியை அடைத்துக்கொண்டு உங்கள் இடம் மாதிரி ஆக்காதவரை. சப்வேயில் படம் எடுக்கலாம், ஆனால் ட்ரைபாட், லைட், ரிஃப்ளெக்டர் கூடாது. மேலே சொன்ன மாடங்களிலும் ட்ரைபாடை விடமாட்டார்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிக்கொள்ளுங்கள், இன்றைய கேமராக்கள் தாங்கும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நகரத்துக்குள் அதை ஏற்றவும் இறக்கவும் முன்னனுமதி வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு அந்த வேலையெல்லாம் எதற்கு?

புதுச்சேரி வாசகி: முன்பின் தெரியாதவர்களைத் தெருவில் படம் எடுக்கக் கை வரவில்லை. சட்டப்படி சரியா? யாராவது சண்டைக்கு வந்தால்?

பொது இடத்தில் எடுப்பது அங்கே சட்டப்படி சரிதான். அந்த மாநிலச் சட்டம் தடுப்பது, ஒருவருடைய படத்தை அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்துவதை. ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் ஸ்கொயரில் மறைவாக ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டி, தூரத்தில் நின்று, நடந்து போகிறவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் முகங்களை எடுத்துக் கண்காட்சி வைத்தார். படத்தில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அது கலை, வியாபாரம் அல்ல என்று சொல்லி 2006-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டம் இவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்காக நாமும் அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. எனக்கு உடன்பாடில்லை.

கை வராததற்குக் காரணம், ஆளைத் தேடிப் போவது. வெளிச்சத்தைத் தேடிப் போய் நின்றுவிடுங்கள். ஒரு கட்டடத்துக் கண்ணாடி எதிர்ச்சுவரில் ஒரு துண்டு வெயிலை அடிக்கும். அதற்கு எதிரே கால் மணி நேரம் நின்றால் யாராவது அதற்குள் நடந்து வருவார்கள், நீங்கள் அவரைத் துரத்தவில்லை, அவர்தான் உங்கள் படத்துக்குள் வருகிறார். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம், அந்த ஊரில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். அதுவும் தயக்கமாக இருந்தால் முகமே வேண்டாம். சால் லெய்ட்டர் என்ற புகைப்படக்காரர் தன் வீடு இருந்த ஈஸ்ட் வில்லேஜ் பக்கத்துத் தெருக்களிலேயே பல காலம் சுற்றியவர். நீராவி படிந்த கண்ணாடி, ஒரு சிவப்புக் குடை, பனியில் ஒரு கால், இவற்றை வைத்தே நியூயார்க்கைக் காட்டிவிட்டார். குளிர்காலத்தில் மன்ஹாட்டன் ரோட்டிலிருந்து புகை எழுவதைப் பார்ப்பீர்கள். 1882-லிருந்து தெருவுக்கு அடியில் குழாய்களில் நீராவி ஓடுகிறது, கட்டடங்களுக்குச் சூடு கொடுக்க. கசிவோ, சூடான குழாயில் படுகிற தண்ணீரோ ஆவியாக மேலே வரும். அதற்குப் பின்னால் வெயிலோ கார் விளக்கோ இருந்தால் சாதாரணமாகக் கடக்கிற ஆள்கூட ஒரு படம் ஆகிவிடுவார்.

யாராவது முறைத்தால் புன்னகைத்துப் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். நடைபாதையில் படுத்திருப்பவர்களை எடுக்காதீர்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கோவை வாசகர்: கதவில்லாத ஹெலிகாப்டரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கைலைன் எடுக்கும் வீடியோ பார்த்தேன். போகலாமா?

வேண்டாம். 2018 மார்ச்சில் அப்படிப் படம் எடுக்கப் போன ஹெலிகாப்டர் ஈஸ்ட் ரிவரில் விழுந்து கவிழ்ந்தது. விழுந்துவிடக் கூடாது என்று பயணிகளை வாரால் கட்டியிருந்தார்கள்; அந்த வாரே அவர்களை வெளியே வரவிடவில்லை. ஐந்து பயணிகளும் இறந்தார்கள், பைலட் மட்டும் தப்பினார். ஒரு பயணியின் வார் எரிபொருளை நிறுத்தும் கைப்பிடியில் சிக்கியதால்தான் என்ஜின் நின்றது என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு விதிகளை இறுக்கினார்கள். இருந்தும் 2025 ஏப்ரலில் ஹட்சனில் விழுந்த சுற்றுலா ஹெலிகாப்டரில் ஆறு பேர் இறந்தார்கள், அதில் மூன்று குழந்தைகள். 70-வது மாடியே உங்களுக்குப் போதும்.

மதுரை வாசகர்: மன்ஹாட்டன்ஹெஞ்ச் பார்க்கத்தான் போக வேண்டும் என்கிறான் தம்பி. நவம்பரில் கிடைக்குமா?

கிடைக்காது. மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்பது குறுக்குத் தெருவின் நேர்க்கோட்டில் சூரியன் மறைவது; அது மே கடைசியிலும் ஜூலை நடுவிலும்தான். 1811-இல் போட்ட தெருத் திட்டம் வடக்கிலிருந்து ஏறக்குறைய 29 டிகிரி சாய்ந்திருப்பதால் வருகிற கூத்து அது. ஆனால் அதே சாய்வு உங்களுக்கும் ஒன்றைக் கொடுக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை: நவம்பர் நடுவில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் சூரியன் நீளவாக்கில் ஓடும் அவென்யூக்களின் நேர்க்கோட்டுக்கு வருகிறது. அதுவும் தாழ்வாக. தெற்கே பார்த்து நின்றால் ஒவ்வொரு ஆளும் கறுப்பு உருவம், காலடியில் நீண்ட நிழல். 42-வது தெருவை நடு டவுன் அவென்யூக்கள் எங்கே வெட்டுகிறதோ அங்கே நின்று பாருங்கள். சிக்னலுக்கு மட்டும் மரியாதை கொடுங்கள்.

வேலூர் வாசகி: மொபைல் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தெருவுக்குப் போதும், சொல்லப்போனால் மேல். ஸ்கைலைனுக்கும் கரையிலிருந்து என்றால் ஓரளவு போதும், டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள். குளிரில் பேட்டரி கிடுகிடுவென்று இறங்கும். போனையும் பவர் பேங்கையும் சட்டைக்கு உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முன் வெளியிலேயே அதை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வேர்க்கும்.

காஞ்சிபுரம் வாசகர்: ஒரு வாரம் பீட்ஸாவா? சைவம் என்ன செய்வது?

கவலையே வேண்டாம். ஏழாம் எண் சப்வேயில் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் பிள்ளையார் கோயில், 1977-லிருந்து இருக்கிறது, கீழ்த்தளத்தில் கேன்டீன், தோசை உண்டு. சந்நிதியில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பும்போது வலது பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள். குவீன்ஸ்பரோ பிளாசா தாண்டி மேம்பாலத்தில் வளையும்போது மொத்த மன்ஹாட்டனும் ஜன்னலில் வந்து போகும், அப்புறம் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். வெர்னன் புலவார்ட் ஸ்டேஷனில் இறங்கினால் கேன்ட்ரி பிளாசா நடக்கிற தூரம்தான். நவம்பர் என்றால் நாலு மணிக்குள் அங்கே இருங்கள்.