மூன்றைப் பன்னிரண்டால் வகுத்த பையன்

அன்புள்ள சார்,

வணக்கம். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதை எங்கள் தமிழய்யா பிரின்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்திருந்தார். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் தமிழாசிரியரை மட்டும் கேட்கக் கூடாது, கணக்கு டீச்சரையும் சயின்ஸ் சாரையும் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் கணக்கு டீச்சர். கடலூர் பக்கம் கடலோர கிராமம் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி. பதினாறு வருட சர்வீஸ்.

போன வாரம் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர் எட்டாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எண்களைக் கடகடவென்று சொன்னான், நடுவில் வருகிற சொற்களில் திணறினான். அப்புறம் அவரே போர்டில் ‘3-ஐ 12-ஆல் வகுக்க’ என்று எழுதினார். பையன் யோசிக்காமல் நாலு என்றான். பிள்ளைகள் எதிரிலேயே என்னைப் பார்த்து, “கணக்கும் வரலை, தமிழும் வரலை” என்றார். அதற்குப் பிறகு தமிழய்யாவும் நானும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

நேராகவே கேட்கிறேன். ஒரு பீரியட் நாற்பது நிமிடம். அட்டெண்டன்ஸ், ஹோம்வொர்க் நோட்டு, போர்ஷன், பரீட்சை எல்லாம் அதற்குள்தான். அவன் எழுத்துக்கூட்டவும் நான்தான் பக்கத்தில் உட்கார வேண்டுமா? அப்படியானால் தமிழய்யா என் வகுப்புக்கு வந்து இயற்கணிதம் எடுப்பாரா?

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். பெயர் போட வேண்டாம்.

ஒரு கணக்கு டீச்சர், கடலூர்

*

அன்புள்ள டீச்சர்,

கோபமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ‘கட்டுரை அருமை’ என்று வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தது தமிழய்யாவின் குறும்பு, அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

உங்கள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025-26-ல் எட்டாவது என்றால் அந்தப் பையன் 2020 மார்ச்சில் பள்ளி மூடும்போது இரண்டாவதில் இருந்திருப்பான். ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பரில். எழுத்து கூடி வாசிப்பாக மாற வேண்டிய மூன்றாம் வகுப்பில் அவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவில்லை. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அரசுத் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது அவன் ஐந்தாவது. மறு வருடம் அதை நாலு, ஐந்துக்கு நீட்டினார்கள், அவன் ஆறாவதுக்குப் போய்விட்டான். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இவன் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிட்டிருந்தான். எழுத்தே கூடாத பிள்ளையை உங்கள் நாற்பது நிமிடத்துக்குள் தூக்கி நிறுத்த முடியாது. அதற்குத் தனி நேரமும் தனி ஆளும் வேண்டும். அதைக் கணக்கு டீச்சர் தலையில் கட்டுவது அநியாயம். அப்படிப் படும்படி நான் எழுதியிருந்தால் என் தப்பு.

ஆனால் அந்த ‘நாலு’ இருக்கிறதே, அது வேறு விஷயம். அதை இரண்டு நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்கு வகுத்தல் தெரியும். தெரியாமல் நாலு வராது. அவன் பார்க்கத் தவறியது ஐ, ஆல் என்கிற இரண்டு உருபுகளை. தமிழய்யா ஆறாவதிலோ ஏழாவதிலோ வேற்றுமை நடத்தியிருப்பார். இரண்டாம் வேற்றுமை உருபு ஐ, மூன்றாவதற்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்று இந்தப் பையனும் ஒப்பித்திருப்பான். அப்புறம் ஏன் கோட்டை விட்டான்?

வீட்டில் அம்மா “மீனைக் கத்தியால வெட்டு” என்கிறாள். அவசரத்தில் உருபை விழுங்கி “மீன் கத்தி வெட்டு” என்று சொன்னாலும் எந்தப் பிள்ளையும் மீனை எடுத்துக் கத்தியை வெட்டப் போவதில்லை. பேச்சில் உருபு தவறினாலும் பொருள் வந்து காப்பாற்றிவிடும். கணக்கில் அந்தத் துணை இல்லை. மூன்றும் எண், பன்னிரண்டும் எண். இரண்டில் எது வேண்டுமானாலும் மீனாக இருக்கலாம், எது வேண்டுமானாலும் கத்தியாக இருக்கலாம். எது எது என்று சொல்ல அந்த ‘ஐ’யையும் ‘ஆல்’ஐயும் விட்டால் அங்கே வேறு நாதி கிடையாது. பையன் தனக்குத் தெரிந்த உலக வழக்கப்படி பெரியதைச் சின்னதால் வகுத்துவிட்டான். இத்தனை வருடம் அவனுக்கு வந்த கணக்கெல்லாம் அப்படித்தானே இருந்தது.

இதைத் தமிழய்யாவால் சொல்லித்தர முடியாது, டீச்சர். அவர் வகுப்பில் இந்த ஆபத்தே வராது. ‘கத்தியால் வெட்டினான்’ என்று அவர் ஆயிரம் உதாரணம் கொடுத்தாலும் உருபைப் பார்க்காமலே பிள்ளை சரியாகச் சொல்லிவிடும். உருபு இல்லாவிட்டால் செத்தோம் என்கிற நிலைமை உங்கள் போர்டில்தான் வருகிறது. அதனால்தான் கணக்குத் தமிழ் உங்களுடையது என்கிறேன்.

ஒவ்வொரு பாடத்திலும் இப்படி ஒன்று உண்டு. ‘வினை’ என்று தமிழய்யா சொன்னால் வந்தான், போனான். அடுத்த பீரியடில் சயின்ஸ் சார் சொன்னால் அமிலமும் உலோகமும் சேர்ந்து நடத்துகிற காரியம். வீட்டில் பாட்டி சொன்னால் போன ஜென்மத்துப் பாவம். சொல் ஒன்றுதான். மணி அடித்ததும் அர்த்தம் மாறுகிறது, மாறியதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. ‘நீர்த்த அமிலம்’ என்றால் என்னவென்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டேன். “கெட்டுப்போன ஆசிட் அங்கிள்” என்றாள். சாம்பார் நீர்த்துப்போவதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படிச் சொல்வாள்? இதற்கு நேர்மாறாக, ‘மாறிலி’, ‘முடிவிலி’ என்று எவ்வளவு அழகான சொற்களைக் கணக்கில் வைத்திருக்கிறோம். ‘இலி’ என்றால் இல்லாதது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டுக்கும் கதவு திறந்துவிடும். நாமோ இரண்டையும் தனித்தனியாக ஒன் வேர்டில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

வரலாற்றுக்கு உங்கள் ஊரே இருக்கிறது. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போகிற தூரத்துக்குள் இருந்த ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது. இதில் ‘வாங்கினர்’ என்கிற ஒற்றைச் சொல்லை நிறுத்திவைத்து, விற்றது யார், குண்டு விழுந்த ஊர்க்காரனிடம் யாராவது கேட்டார்களா, ‘வாங்கினோம்’ என்று எழுதிவைத்தது யார் என்று கேட்டால் அது வரலாற்று வாசிப்பு. சாம் வைன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வரலாற்றாசிரியர்கள் சிலருக்கும் பள்ளி மாணவர்கள் சிலருக்கும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1991-ல் வெளியான ஆய்வு அது. வரலாற்றாசிரியர்கள் முதலில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். அந்தப் பழக்கத்தைத் தமிழய்யாவும் தர முடியாது, நீங்களும் தர முடியாது. சோஷியல் டீச்சர்தான் தர வேண்டும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் ஆலன் புல்லக் தலைமையில் ஒரு குழு 1975-லேயே சொன்னது. நம் பி.எட். இரண்டு வருடமானபோது இதற்கென்று தனிப் பேப்பரே வைத்தார்கள். பதினாறு வருட சர்வீஸ் என்பதால் உங்களுக்கு அது இருந்திருக்காது. உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், எழுதி பாஸ் செய்து மறந்திருப்பார்.

நான் இருக்கிற புதுச்சேரிப் பக்கம் சிக்கல் இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். இங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியாகிவிட்டது. புத்தகம் இங்கிலீஷ், வகுப்பில் பேச்சு தமிழ். தமிழில் ‘ஓர் எண்ணின் இரு மடங்கைவிட 7 குறைவு’ என்றால் எழுதியிருக்கும் வரிசையிலேயே போகலாம்: முதலில் இரு மடங்கு, பிறகு 7, பிறகு கழித்தல். இங்கிலீஷில் அதுவே ‘செவன் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்’. செவன் முன்னால் வந்து நிற்பதால் பிள்ளை ஏழிலிருந்து கழிக்கிறது. டீச்சர் சிவப்பு மையில் சுழித்து ‘கேர்லெஸ் மிஸ்டேக்’ என்று எழுதுகிறார். பிள்ளையின் அம்மா என்னிடம் நோட்டைக் காட்டி, “கவனமே இல்ல சார் இவளுக்கு” என்றார். கவனமாகப் படித்ததால் வந்த தப்பு அது. இடமிருந்து வலமாக, ஒரு வார்த்தை விடாமல் படித்திருக்கிறாள்.

இன்னொரு பழக்கம் இரண்டு ஊருக்கும் பொது. நீங்கள் எந்தக் கணக்கையும் எடுத்ததும் வாசித்துவிட்டு, “அதாவது...” என்று தொடங்குவீர்களா இல்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொடங்குவார்கள். அந்த ‘அதாவது’க்குப் பின்னால் வருவதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். முன்னால் வந்த வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டிய தேவையும் இல்லை, நாமே அவர்களுக்காகப் படித்துவிடுகிறோம். நல்ல டீச்சர்தான் இதை அதிகம் செய்வார். பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்கிற தவிப்பு அவருக்குத்தானே அதிகம். பரீட்சை ஹாலில் ‘அதாவது’ சொல்ல ஆள் இல்லை.

ஆகவே நான் கேட்பது நாற்பது நிமிடத்தில் ஐந்து. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஒரே ஒரு வாக்கியக் கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். விடை யாரும் சொல்லக் கூடாது. யாரை யார் வகுக்கிறார்கள், எங்கே எழுதியிருக்கிறது, எந்த எழுத்தைப் பார்த்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்திலேயே ‘12-ஐ 3-ஆல் வகுக்க’ என்று திருப்பிப் போட்டு, என்ன மாறியது என்று கேளுங்கள். ‘அதாவது’ வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘எல்லா ஆசிரியரும் மொழியாசிரியரே’ என்று எங்காவது பயிற்சியில் சொல்லிவிட்டால், மறுநாளே சயின்ஸ் நோட்டில் ல, ள, ழ திருத்தி அரை மார்க் குறைக்கிற ஒரு கூட்டம் கிளம்பும். ‘புஸ்ஸுனு நுரை வந்துச்சு’ என்று எழுதிய பிள்ளை பார்த்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. அதை ‘வாயு வெளியேறியது’ என்று எழுதப் பழக்குவது சயின்ஸ் சாரின் வேலை. நுரைக்குச் சுழி போடுவதால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வெள்ளைத் தாளைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

தமிழய்யாவுடன் பேச ஆரம்பித்துவிட்டீர்களா? பேசினால் இந்த ‘ஐ, ஆல்’ சமாசாரத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள். வேற்றுமைக்குக் கணக்குப் புத்தகத்திலிருந்து உதாரணம் எடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. அவர் உங்கள் வகுப்பில் இயற்கணிதம் எடுக்க வேண்டியதில்லை, தன் வகுப்பிலேயே உங்கள் வேலையில் பாதியை முடித்துவிடுவார்.

அப்புறம் அந்தப் பையனை ஒருநாள் மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு, மூன்று மீன், பன்னிரண்டு பேர், சமமாகப் பங்கு வை என்று கேளுங்கள். கரையில் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் திணற மாட்டான் என்று நினைக்கிறேன். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். பெரும்பாலும் வஞ்சிரமா மத்தியா என்று முதலில் உங்களைக் கேட்பான்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து