பெருந்தொற்றால் அலுவலகம் மூடினால் காப்புரிமைக் கெடு என்ன ஆகும்?

'முன்னுரிமை நாள்' என்பது ஒரு கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பம் போட்ட தேதி. காப்புரிமை, வணிகக்குறி போன்றவற்றுக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி, 12 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் அந்தத் தேதி அங்கேயும் செல்லும்; வணிகக்குறிக்கு 6 மாதம்தான். தவறவிட்டால், இடையில் வெளியான உங்கள் சொந்தக் கட்டுரையே காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுத்துவிடலாம். கெடு இவ்வளவு கறாராக இருப்பதால்தான் கவனம் தேவை.

கடைசி நாளில் காப்புரிமை அலுவலகம் திறக்காவிட்டால், கெடு அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும். ஆனால் டிக்கெட் கவுன்டர் மூடியிருந்தாலும் ஆன்லைனில் முன்பதிவு நடப்பதுபோல, கட்டடம் பூட்டியிருக்கும்போதே மின்வழித் தாக்கல் நடக்கலாம். அப்போது இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். கட்டண ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் அன்றே சேமித்துவிடுங்கள்.

2020-இல் பல அலுவலகங்கள் கெடுவை நீட்டியதால், பெருந்தொற்று வந்தாலே எல்லாக் கெடுவும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீட்டிப்பு, அறிவிப்பில் குறிப்பிட்ட கெடுக்களுக்கும் தேதிகளுக்கும் மட்டுமே.